சான்றிதழ் மரம்: வெட்டுகிறவன் கையில் என்ன மிஞ்சுகிறது?

உச்சிப்புளி மரக்கடை | வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு உச்சிப்புளியில் மரக்கடை, அப்பா தொடங்கியது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற மலேசியா மரம், ஆப்பிரிக்கா மரம் எடுத்து வந்து அறுத்துக் கொடுக்கிறோம். நிலை, ஜன்னலுக்குப் பாதி போகும், படகு வேலைக்குப் பாதி போகும். அது போக கடற்கரையை ஒட்டிய மணல் நிலத்தில் ஒன்பது ஏக்கர் சவுக்கு வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்திலும் ஆளுக்கு இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று சவுக்குதான்.

போன மாதம் காகித ஆலைக்குச் சவுக்கு எடுக்கிற ஏஜெண்ட் ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்குப் போகிற காகிதத்துக்குச் சான்றிதழ் பெற்ற மரம் கேட்கிறார்கள், நீங்கள் எஃப்.எஸ்.சி. வாங்கிவிடுங்கள் என்றார். காட்டையும் மரத்தோட்டத்தையும் ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு அந்தப் பெயரில் உள்ள சர்வதேச அமைப்பின் சான்றிதழ் அது. டன்னுக்கு எவ்வளவு கூடக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். விலை அதேதான் அண்ணே, ஆனால் உங்கள் லோடை முதலில் எடுப்போம் என்றார். சரி, செலவு என்னதான் ஆகும் என்று சான்றிதழ் தருகிற ஒரு நிறுவனத்தில் விசாரித்தேன். ஆடிட்டர் வந்து போகிற செலவு, முதல் தணிக்கை, அப்புறம் வருஷா வருஷம் மறு தணிக்கை எல்லாம் சேர்த்து அவர்கள் சொன்ன தொகை, ஐந்து வருஷம் காத்திருந்து ஒரு வெட்டில் நான் பார்க்கிற லாபத்தில் பாதிக்கும் மேல். அன்று இரவு தூக்கம் வரவில்லை. யார் நிலத்தையும் பிடுங்காமல், வெட்டிய இடத்தில் திரும்ப நட்டு, கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்துப் பிழைக்கிறவன் தான் யோக்கியன் என்று காட்டுவதற்கே இவ்வளவு கட்ட வேண்டுமா?

நான் கேட்பது இதுதான். மலேசியா, இந்தோனேசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லா இடத்திலும் முப்பது வருஷமாக இதைச் செய்கிறார்கள். அங்கே காட்டுக்காரன் கையில் ஏதாவது நின்றதா? கடைசியில் லாபம் யாருக்கு?

பனைக்குளத்தான் | வெள்ளி, இரவு 10:25

அண்ணே, நான் பத்தொன்பது வருஷம் மலேசியாவின் சபா மாநிலத்தில் இருந்தேன், சண்டக்கான் பக்கம் ஒரு சா மில்லில் கட்டைக்குக் கிரேடு போடுகிற வேலை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே தெரமக்கோட் என்று ஒரு காடு, சுமார் 55,000 ஹெக்டேர், சபா வனத்துறையே நடத்துகிறது. தென்கிழக்கு ஆசியாவில் இயற்கைக் காட்டுக்கு எஃப்.எஸ்.சி. முதலில் வாங்கியது அதுதான், 1997-ல். அங்கிருந்து வரும் கட்டையை ஏலம் விடுவார்கள். எங்கள் முதலாளியும் போய் நிற்பார். ஒவ்வொரு கட்டையிலும் எண் இருக்கும், அந்த எண்ணை வைத்து எந்தக் கூறில் எந்த மரம் நின்றது என்று வரைபடத்தில் காட்டுவார்கள். சாதாரணக் காட்டுக் கட்டையைவிட அது விலை கூட. ஏற்றுமதிக்குப் போகிற நல்ல கடின மரத்துக்கு நாலில் ஒரு பங்குக்கும் மேல் கூடக் கிடைத்ததாக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள், சில ரகத்துக்குப் பாதிக்கும் மேல். ஒட்டுப்பலகைக்கு உரிக்கிற மட்ட ரகத்துக்கு அவ்வளவு வராது. ஆக, கூடுதல் விலை என்பது கட்டுக்கதை இல்லை.

ஆனால் அந்த விலைக்குப் பின்னால் எவ்வளவு வேலை என்று பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னாலேயே ஆள் போய் ஒவ்வொரு மரமாக அளந்து எண் போட்டு வரைபடம் வரைகிறான். மரத்தோடு மரத்தைப் பின்னியிருக்கிற கொடிகளை முன்கூட்டியே அறுத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் ஒன்று விழும்போது பக்கத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஓடைக்கரையில் தொடக் கூடாது, செங்குத்துச் சரிவில் தொடக் கூடாது. எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று குறித்துத்தான் ரம்பம் வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். வெட்டுகிற அளவும் குறைந்துவிடுகிறது. இதை எல்லாம் தயார் செய்ய 1989-லிருந்தே ஜெர்மன் அரசு உதவியோடு அங்கே வேலை நடந்தது. காசு போட அரசாங்கம் இருந்தது, கற்றுக்கொடுக்க வெள்ளைக்காரன் இருந்தான். பக்கத்து ஆற்றங்கரையில் பத்து ஏக்கர் வைத்திருந்தவனுக்கு அந்த இரண்டும் இல்லை, அவன் சான்றிதழ் பக்கமே வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காட்டில் இன்றைக்கும் ஒராங்குட்டான் இருக்கிறது, யானை இருக்கிறது, மேகச் சிறுத்தையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் ராத்திரி ஜீப்பில் போகிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டமாகிப் போன ஊரில் அதைப் பார்த்தால் நெஞ்சு நிறையும், அண்ணே.

கடலோரச் சவுக்கு | சனி, காலை 6:50

அண்ணா, நான் தங்கச்சிமடத்துப் பெண், மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் படித்தேன், இப்போது மரம் வளர்க்கும் விவசாயிகளோடு வேலை செய்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் நாங்களும் தினமும் கேட்டுக்கொள்கிறோம்.

எஃப்.எஸ்.சி. தொடங்கியது 1993-ல், கனடாவில் டொராண்டோவில் கூடி. மழைக்காடுகள் அழிகின்றன, மழைக்காட்டு மரத்தையே புறக்கணியுங்கள் என்று ஐரோப்பாவில் பெரிய போராட்டம் நடந்த நேரம் அது. மொத்தமாகப் புறக்கணித்தால் காட்டுக்கு மதிப்பே இல்லாமல் போகும், மதிப்பில்லாத காட்டை அழித்து மாடு மேய்ப்பார்கள், சோயா போடுவார்கள்; அதைவிட ஒழுங்காக வெட்டுகிறவனைப் பிரித்துக் காட்டுவோம் என்பதுதான் அதன் எண்ணம். அப்படி வெப்பமண்டலக் காட்டுக்காக வந்த ஏற்பாடு, கடைசியில் பெரும்பாலும் குளிர்நாட்டுக் காடுகளுக்கும் பெரிய கம்பெனித் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. காரணம் நீங்கள் சொன்னதுதான். ஒன்பது ஏக்கரானாலும் ஒன்பதாயிரம் ஏக்கரானாலும் ஆடிட்டருக்கு வண்டிச் செலவு ஒன்றுதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முழுத் தணிக்கை, இடையில் வருஷத்துக்கு ஒரு முறை மேற்பார்வை. ஏற்கெனவே நில அளவையும் கணக்கும் உழைப்புச் சட்டமும் ஒழுங்காக இருக்கிற நாட்டில் சான்றிதழுக்காகப் புதிதாகச் செய்ய வேண்டியது கொஞ்சம். எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியவனுக்குத்தான் செலவு மலையளவு.

செலவு எல்லாமே வீண் செலவு இல்லை என்பதையும் சொல்கிறேன். பிரேசிலில் பாரகோமினாஸ் என்ற ஊரில், பனைக்குளம் பாய் சொன்ன மாதிரி வரைபடம் போட்டு, கொடி அறுத்து, திசை பார்த்து வெட்டுவதையும், ஆளை விட்டு இஷ்டத்துக்கு வெட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். திட்டமிட்டு வெட்டியதில் கன மீட்டருக்கு 12 சதவீதம் செலவு குறைவு என்று வந்தது. ஏன் என்றால் இஷ்டத்துக்கு வெட்டும்போது சாய்த்த மரத்தைத் தேடியே டிராக்டர் டீசலைத் தீர்க்கிறது, சில கட்டைகளைக் காட்டிலேயே மறந்துவிட்டு வருகிறார்கள், வெட்டுகிற ஆள் கோணலாக வெட்டி அடித்தடியில் நல்ல மரத்தை வீணாக்குகிறான். எல்லாக் காட்டிலும் இந்தக் கணக்கு இப்படியே வராது. செங்குத்து மலையும் சேறும் உள்ள இடத்தில் கூடத்தான் ஆகும். ஆனாலும் ஒழுங்கு என்றாலே நஷ்டம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டாம்.

கீழக்கரைக்காரன் | சனி, காலை 9:15

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் வருத்தப்படக் கூடாது. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவன், பல வகைச் சான்றிதழ் பார்த்தவன்.

முதல் கேள்வி: ஆடிட்டருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? தணிக்கை செய்யப்படுகிற கம்பெனியேதான். கடுமையாக இருக்கிற ஆடிட்டரை அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். இது எல்லாச் சான்றிதழுக்கும் உள்ள நோய், மரத்துக்கு மட்டும் இல்லை. ஜாவா தேக்கு கதை தெரியுமா? உலகத்திலேயே முதன்முதலில் நல்ல காட்டு நிர்வாகம் என்று சான்றிதழ் வாங்கியது இந்தோனேசிய அரசின் பெர்ஹுத்தானி வன நிறுவனம், 1990-ல், எஃப்.எஸ்.சி. பிறக்கும் முன்பே. 1998-ல் சுகார்த்தோ ஆட்சி விழுந்த பிறகு திருட்டு வெட்டு தலைவிரித்தாடியது, ஊர்க்காரர்களுக்கும் காவலர்களுக்கும் தகராறு, கடைசியில் 2001-ல் அந்தச் சான்றிதழை நிறுத்தி வைத்தார்கள். பத்து வருஷம் அந்தத் தேக்கில் மேசை நாற்காலி வாங்கிய ஐரோப்பியன், எல்லாம் நல்லபடி நடக்கிறது என்றுதானே நினைத்திருப்பான்? எஃப்.எஸ்.சி.யைத் தொடங்கியவர்களோடு நின்ற கிரீன்பீஸ் சர்வதேச அமைப்பே 2018-ல் உறுப்பினர் பதவியைப் புதுப்பிக்காமல் வெளியே வந்துவிட்டது.

இரண்டாவது, ஐரோப்பாவின் புதிய காடழிப்புச் சட்டம். 2023-ல் வந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்று காட்ட வேண்டும், மரம் வெட்டிய நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்க வேண்டும். காகிதமும் அதில் வருகிறது. அமலுக்கு வரும் நாளைத் தள்ளிப் போட்டார்கள், சரி, ஆனால் சட்டம் போய்விடவில்லை. இதில் முக்கியமான விஷயம், சான்றிதழ் கையில் இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கடமை தீராது, துணை ஆவணமாக மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆக அண்ணன் சான்றிதழுக்கும் கட்ட வேண்டும், சட்டத்துக்கும் தனியாகக் காகிதம் தயார் செய்ய வேண்டும். இரண்டு தடவை சுமை. என் கருத்து, இப்போதைக்கு வேண்டாம். நில வரைபடத்தை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரச் சவுக்கு | சனி, காலை 10:30

கீழக்கரை அண்ணா, ஆடிட்டர் சம்பள விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஜாவா கதையும் உண்மை. ஆனால் நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். அரசாங்க நிறுவனம் என்று பார்க்காமல் பிடுங்கினார்கள் அல்லவா, சாதாரண அரசு முத்திரைக்கு அது நடக்குமா?

காட்டுக்கு உண்மையிலேயே நன்மை நடந்ததா என்றால் பதில் இடத்துக்கு இடம் மாறுகிறது. மெக்சிகோவைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வு, எஃப்.எஸ்.சி.யால் காடழிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்று முடித்தது. இந்தோனேசியாவின் கலிமந்தானில் 2000 முதல் 2008 வரை பார்த்தவர்களோ, சான்றிதழ் பெற்ற மரவெட்டுப் பகுதியில் காடழிப்பு 5 சதவீதப் புள்ளி குறைந்தது, அங்குள்ள கிராமங்களில் மூச்சு நோயும்கூட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது என்றார்கள். 2024-ல் வந்தது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு: காபோன், காங்கோ இரண்டு நாட்டிலும் சான்றிதழ் உள்ள 7 இடம், இல்லாத 7 இடம் எடுத்து, காட்டுக்குள் தானியங்கிக் கேமரா கட்டி, பதின்மூன்று லட்சம் படம் எடுத்தார்கள். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்குகள், அதாவது காட்டு யானை, கொரில்லா போன்றவை, சான்றிதழ் உள்ள இடத்தில் 2.7 மடங்கு அதிகமாகத் தென்பட்டன. மரத்தை வெட்டும் விதத்தால் மட்டும் வந்ததில்லை அது. வேலை முடிந்ததும் பழைய பாதையை அடைத்துவிடுகிறார்கள், வேட்டைக்காரன் வண்டி உள்ளே போக முடிவதில்லை. தொழிலாளிக்கு வெளியில் இருந்து இறைச்சி கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அவன் காட்டில் வேட்டையாட வேண்டியதில்லை. இதை எல்லாம் யாரோ வந்து சரிபார்க்கிறார்கள் என்பதால்தான் செய்கிறார்கள்.

மண்டபம் விசைப்படகு | சனி, மதியம் 1:05

மரம் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன். கடல் ஆமை வலையில் சிக்கினால் தப்பிக்கிற கருவியை நம் படகுகளில் மாட்டவில்லை என்று அமெரிக்காக்காரன் 2019-லிருந்து கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்குவதில்லை. பண்ணை இறால் போகிறது, எங்கள் இறால் போகாது. அவன் ஒருத்தன் வாங்காமல் போனதில் மற்றவன் விலையைக் குறைத்துக் கேட்கிறான். கருவி மாட்டினால் கூடுதல் விலை தருவாயா என்று நாங்களும் கேட்டோம். தரமாட்டார்கள். மாட்டாவிட்டால் கதவு சாத்தியிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் உச்சிப்புளி அண்ணே, அந்த ஏஜெண்ட் விலை அதேதான், முதலில் எடுப்போம் என்று சொன்னாரே, அதை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு முதலில் எடுப்போம் என்பார்கள், நாளைக்கு உங்களுடையதை எடுக்க மாட்டோம் என்பார்கள். கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து 2014-ல், கடல் வளத்தைக் கெடுக்காமல் பிடிக்கிறவர்களுக்குத் தருகிற எம்.எஸ்.சி. முத்திரையை வாங்கினார்கள், இந்தியாவிலேயே மீன்பிடிக்கு முதல் சான்றிதழ் அது. தனி ஆளாக யாராலும் முடிந்திருக்காது.

பாம்பன் ஓடாவி | சனி, மாலை 5:50

நான் படகு கட்டுகிற ஓடாவி. மாமனார் காலத்தில் வேம்பு, வாகை, புன்னை, இலுப்பை எல்லாம் நம் பக்கத்து மரம்தான், பலகைக்கு மலையாளத்தில் இருந்து அயினி வரும். வங்குக்கு, அதாவது படகின் விலா எலும்புக்கு, வளைந்த கருவேல மரத்தைத் தேடித் தேடி ஊர் ஊராகப் போவோம். இப்போது படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற ஏரா மரத்துக்கு நீளம் வேண்டும் என்றால் கப்பலில் வருகிற மரம்தான் கதி, அல்லது ஃபைபர்.

முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ படகு இறக்கியிருக்கிறேன். ஒரு படகுக்காரன்கூட இந்த மரம் எந்தக் காட்டில் நின்றது என்று கேட்டதில்லை. நானும் மரக்கடையில் கேட்டதில்லை. புழு வைக்காதா, ஆணி பிடிக்குமா, தண்ணீரில் எத்தனை வருஷம் நிற்கும், கன அடி என்ன விலை. இவ்வளவுதான் கேட்பேன். கடைக்காரர் மலேசியா சால் என்பார், நானும் சரி என்பேன். அது எந்த மரம், என்ன சாதி என்று அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உச்சிப்புளித் தம்பி, உங்கள் கடையில் நானே வாங்கியிருக்கிறேன், குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் மரம் வளர்க்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டீர்கள். வாங்குகிற நாம் யாருக்கும் கொடுத்ததில்லையே என்று எனக்குத் தோன்றியது.

உச்சிப்புளி மரக்கடை | சனி, இரவு 11:20

ஓடாவி அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கடையைப் பூட்டாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய பில் கட்டு எடுத்துப் பார்த்தேன். பத்து வருஷத்தில் நான் எடுத்த ஒரு லோடுக்குக்கூட எந்தக் காட்டில் வெட்டியது என்று கேட்டு வாங்கிய காகிதம் இல்லை. நாடு பெயர் இருக்கிறது, கன மீட்டர் இருக்கிறது, புகை மருந்து அடித்த சான்று இருக்கிறது. மியான்மார் 2014-ல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியபோது எனக்கு வந்த கவலை பர்மாத் தேக்கு விலை ஏறிவிடுமே என்பது மட்டும்தான்; ஏன் நிறுத்தினார்கள், அங்கே காடு எந்த நிலையில் இருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது எனக்கு விளங்குவது இது. மலேசியாவின் சரவாக்கில் இருந்து உருட்டுக்கட்டை அதிகம் வாங்கிய நாடு பல வருஷம் இந்தியாதான். அதில் கொஞ்சம் என் கடைக்கும் வந்திருக்கும். ஐரோப்பாக்காரன் சான்றிதழ் கேட்கிறான், ஆனால் வெப்பமண்டல மரத்தில் அவன் வாங்குவது கொஞ்சம். அதிகம் வாங்குகிற சீனாவும் நாமும் கேட்பதில்லை, அந்தந்த நாட்டு உள்ளூர்ச் சந்தையும் கேட்பதில்லை. பிறகு அங்கே மரம் வெட்டுகிறவன் எதற்குக் காசு போட்டு வரைபடம் வரைவான்? ஓடையை விட்டு வெட்டியவனும் ஓடையை மண்ணால் மூடி வெட்டியவனும் என் கடை வாசலில் ஒரே விலைதான். நான் அவனுக்குச் செய்ததைத்தான் இன்றைக்கு இந்த ஏஜெண்ட் எனக்குச் செய்கிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, வருத்தமாக இருக்கிறது.

பனைக்குளம் பாய், ஒன்று கேட்கிறேன். அங்கே ஊர்க்காரர்கள், பெரிய கம்பெனி இல்லாத சனங்கள், சான்றிதழால் பிழைத்த இடம் எங்கேயாவது உண்டா?

பனைக்குளத்தான் | ஞாயிறு, காலை 7:10

சபாவில் நான் பார்க்கவில்லை அண்ணே. தங்கை ஒருவேளை சொல்லலாம்.

கடலோரச் சவுக்கு | ஞாயிறு, காலை 8:20

இரண்டு இடம் சொல்கிறேன், எனக்குப் பாடமாக இருந்த இடங்கள்.

ஒன்று, குவாத்தமாலாவின் பெட்டேன் பகுதி. மாயா உயிர்க்கோளக் காப்பகம் 1990-ல் அறிவித்தார்கள். அதன் ஒரு பகுதியில் ஊர்ச் சங்கங்களுக்கே 25 வருஷக் குத்தகைக்குக் காடு கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: மூன்று வருஷத்துக்குள் எஃப்.எஸ்.சி. வாங்க வேண்டும், வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மகோகனி வெட்டுகிறார்கள், பூச்செண்டுக்குப் போகிற ஷாத்தே என்ற சின்னப் பனை இலை எடுக்கிறார்கள். ஒரு மரத்தைக்கூடத் தொடக் கூடாது என்று பூட்டி வைத்த மேற்குப் பகுதிப் பூங்காவில் தீ வைத்து மாட்டுப் பண்ணை போட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வெட்டிப் பிழைக்கிற இடத்தில் காடு பெரும்பாலும் நிற்கிறது. தங்கள் சோறு அதில் இருக்கிறது, அதனால் ராத்திரி பகலாகத் தீயைப் பார்த்துக் காக்கிறார்கள். அங்கே அவர்கள் சான்றிதழை விலைக்காக வைத்திருக்கவில்லை. அது போனால் குத்தகை போகும். நிலத்தின் மேல் உள்ள பிடிமானத்துக்குத்தான் அவர்கள் வருஷா வருஷம் கட்டுகிறார்கள்.

இரண்டாவது தான்சானியாவில் கில்வா. அங்கே ம்பிங்கோ என்று கறுப்பு மரம், கிளாரினெட், ஓபோ செய்கிற மரம், நம் ஊர் நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் மாதிரி. முன்பு வெளியாள் வந்து வெட்டிக்கொண்டு போவான், ஊருக்குச் சில்லறைகூடச் சேராது. கிராமத்துக் காட்டைக் கிராமமே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த பிறகு, ஒரு அமைப்பு அந்த ஊர்களைக் குழுவாகச் சேர்த்து 2009-ல் எஃப்.எஸ்.சி. வாங்கிக் கொடுத்தது. ஒரு சான்றிதழ், பல ஊர். தணிக்கைச் செலவைக் குழு தாங்குகிறது. முதலில் காட்டின் மேல் உரிமை வந்தது, அப்புறம் கூட்டு வந்தது, அதற்கும் அப்புறம்தான் முத்திரை. இந்த வரிசை மாறினால் சிறியவனுக்கு ஒன்றும் நிற்காது.

அண்ணா, உங்களுக்குப் பட்டா இருக்கிறது. முதல் படியைத் தாண்டியவர் நீங்கள். எஃப்.எஸ்.சி.யில் சின்ன நிலத்துக்கு எளிமையான விதிகள் தனியாக உண்டு, குழுச் சான்றிதழ் உண்டு. ஆந்திரா, தெலங்கானா பக்கம் ஐ.டி.சி. காகித ஆலை அப்படித்தான் விவசாயிகளைச் சேர்த்து வாங்கியது, குழுவை நடத்துகிற பொறுப்பு ஆலையிடம். இதே மாதிரி உங்கள் ஏஜெண்டிடம் பேசலாம். இன்னொன்று, மத்திய அரசே 2023 டிசம்பரில் இந்திய வன மற்றும் மரச் சான்றிதழ்த் திட்டம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறது, போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் நடத்துகிறது. காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்தில் நிற்கிற மரமும் அதில் சேரும். வெளிநாட்டுக்காரன் அதை எவ்வளவு மதிப்பான் என்பது போகப் போகத்தான் தெரியும்.

சாயல்குடி கரிமூட்டம் | ஞாயிறு, காலை 11:00

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறோம், முதுகுளத்தூர், கமுதி எல்லாம் இதுதான் பிழைப்பு. எங்களுக்கும் இதில் ஏதாவது உண்டா? அந்த முள் ஒழிய வேண்டும் என்று ஊரே சொல்கிறது, அதை ஒழிக்கிறவனுக்கு ஒரு முத்திரை கிடைத்தால் என்ன?

கடலோரச் சவுக்கு | ஞாயிறு, காலை 11:25

இருக்கிறது அண்ணா. ஆப்பிரிக்காவில் நமீபியாவில் மேய்ச்சல் நிலத்தை முள்மரம் மூடிக்கொண்டே போகிறது, அதை வெட்டிக் கரி போட்டு எஃப்.எஸ்.சி. முத்திரையோடு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள், கோடைக்காலத்தில் அங்கே வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுடுவதற்கு. ஆனால் நமீபியாவில் ஒரு பண்ணை என்றால் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். இங்கே கண்மாய்க்கரை, புறம்போக்கு, பட்டா எல்லாம் கலந்து கிடக்கிறது, யார் நிலத்தில் வெட்டியது என்று காட்டுவதே பெரிய வேலை. அப்புறம் மூட்டத்தில் வேலை செய்கிறவர்களின் கூலி, முன்பணம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதும்தான். புகையில் நிற்கிற பெண்கள் பாடு உங்களுக்குத் தெரியாததில்லை.

சாயல்குடி கரிமூட்டம் | ஞாயிறு, காலை 11:40

தெரியும்மா. எங்கள் அம்மாவே மூட்டத்தில் நின்றவர்தான். நீங்கள் சொன்னதை எங்கள் ஆட்களிடம் பேசுகிறேன்.

கீழக்கரைக்காரன் | ஞாயிறு, மதியம் 2:30

சரி, குழு என்றால் கணக்கு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏஜெண்டிடம் பேசும்போது ஒன்றை மட்டும் விடாதீர்கள். முத்திரை ஆலையின் பெயரில் இருந்து, நீங்கள் அதன் கீழே உறுப்பினர் என்றால், நாளைக்கு வேறு ஆலை நல்ல விலை கொடுத்தாலும் உங்களால் சான்றிதழ் மரமாக அங்கே விற்க முடியாமல் போகலாம். விலையைக் கேட்க முடியாவிட்டால் எடையையாவது கேளுங்கள்: எடை மேடைச் சீட்டு அன்றைக்கே கையில் வேண்டும், காசு இத்தனை நாளில் வேண்டும், ஐந்து வருஷத்துக்கு எடுப்போம் என்று எழுத்தில் வேண்டும். தணிக்கைக் கட்டணம் முழுவதும் அவர்கள் தலையில். முத்திரையைக் காட்டி விற்பது ஆலைதான், கட்ட வேண்டியதும் ஆலைதான்.

உச்சிப்புளி மரக்கடை | ஞாயிறு, இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. இன்று சாயந்திரம் பக்கத்துத் தோட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தேன். பதினொரு பேர் சம்மதம், எல்லாம் சேர்த்தால் முப்பத்தாறு ஏக்கர் வருகிறது. இரண்டு பேருக்குப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, அதை முதலில் மாற்ற வேண்டும். ஒருவர், என் மரத்துக்கு எவன் சான்றிதழ் கொடுப்பது என்று கோபப்பட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை நானும் அதே கோபத்தில்தான் எழுதினேன். ஏஜெண்டிடம் கீழக்கரைத் தம்பி சொன்ன நான்கையும் கேட்கப் போகிறேன். கட்டணத்தை அவர்கள் ஏற்காவிட்டால் சேர மாட்டோம் என்று எல்லோரும் பேசி முடித்திருக்கிறோம்.

கடை விஷயமும் உண்டு. நாளை காலை தூத்துக்குடிக்குப் போன் போட்டு, அடுத்த லோடுக்கு மரத்தின் சரியான பெயரும் வெட்டிய காடும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். மலேசியாவுக்குச் சொந்தமாகவே ஒரு சான்றிதழ் இருக்கிறது, பல நாட்டுச் சான்றிதழ்களை அங்கீகரிக்கிற பி.இ.எஃப்.சி. அமைப்பு 2009-ல் அதை ஏற்றுக்கொண்டது என்று பாய் தனியாக அனுப்பியிருந்தார், அந்த மரமும் கிடைக்குமா, கன அடிக்கு எவ்வளவு கூட ஆகும் என்று கேட்டு இங்கேயே எழுதுகிறேன். ஓடாவி அண்ணே, ஏரா மரத்துக்கு அந்தக் கூடுதலைக் கொடுக்க உங்கள் படகுக்காரர்களில் யாராவது வருவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

பாம்பன் ஓடாவி | ஞாயிறு, இரவு 9:30

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் இரண்டு படகு வேலை இருக்கிறது தம்பி. ஒருவர் கணக்குப் பார்ப்பவர், வர மாட்டார். இன்னொருவர் மகன் படித்த பையன், அவனிடம் பேசிப் பார்க்கிறேன். விலையைச் சொல்லுங்கள், பிறகு வாய் திறக்கிறேன்.

உச்சிப்புளி மரக்கடை | ஞாயிறு, இரவு 9:34

சரி அண்ணே. பிரப்பன்வலசை, இருமேனி பக்கம் சவுக்கு வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடைக்கு வாருங்கள். பட்டா நகலும் நட்ட வருஷமும் போதும். தங்கை வந்து செல்போனில் நிலத்தின் எல்லையைக் குறிப்பது எப்படி என்று சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.